கழித்துவிட்ட கிடாய்

ஐயா முற்றத்தில் சப்பாணி கட்டி இருந்து, தோல் வாரை மடியில் போட்டு, குத்தூசியால் அதில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தார். விடிந்து கொஞ்ச நேரம்தான். கிணற்றடியிலிருந்து நனைந்த துலாக் கயிற்றின் மணம் வந்துகொண்டிருந்தது. நான் கொட்டிலில் ஆட்டுப் புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வார் மாட்டுத்தோல். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போனது. பித்தளைக் கொளுக்கியும் ஒரு சின்ன மணியும் அதில் உண்டு. வைரவர் வேள்வியில் பலியிட நேர்ந்துவிட்ட கிடாயின் கழுத்தில் கட்டுவது. ஐயாவின் தகப்பன், எங்கள் அப்பு, தன் கிடாய்க்கு அளவெடுத்துத் தைப்பித்த வார். அப்பு குத்திய ஓட்டை வாரின் நுனியோரம் இருந்தது. பிறகு வந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் அதற்கு உள்ளே, அதற்கும் உள்ளே என்று வந்துகொண்டிருந்தன.

“வார் இழுபட்டுப் போச்சு, பிள்ளை,” என்றார் ஐயா.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வேள்விக்கு வேள்வி இதைத்தான் சொல்லுவார்.

“தோல் காய்ஞ்சால் சுருங்கிறதெல்லோ, ஐயா?”

“உனக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும்? கழுத்திலை கிடந்து கிடந்து இழுபடும். நீ புழுக்கையைக் கூட்டு.”

நான் கூட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும். வார் இழுபடவில்லை. கழுத்துத்தான் சிறுத்துப்போனது. எங்கள் ஊர் ஆடுகள் வரவரச் சிறுத்துக்கொண்டு வந்தன. அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆம்பிளைக்கும் மனம் வரவில்லை.

நானும் என் மறிகளும்

கலியாணம் கட்டி ஒரு வருடமும் நிறையாமல் தாலியைக் கழற்றிவிட்டுத் தகப்பன் வீட்டுக்குத் திரும்பிய கதையைப் போன கிழமை இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். என் புருஷன் வன்னிக்குக் காடு வெட்டப் போய், குளிர்காய்ச்சலோடு மாட்டு வண்டிலில் வந்து சேர்ந்தவர். இரண்டு கிழமை கிடந்தார். பிள்ளை இல்லை. எனக்கு மிஞ்சியது சீதனமாய்க் கொண்டுபோன மறிகள்தான். பெட்டை ஆட்டை எங்கள் பக்கத்தில் மறி என்போம். புருஷன் ஊரான தென்மராட்சியிலிருந்து எங்கள் பண்டத்தரிப்புப் பக்கம் வரும்வரை அவை முன்னே நடந்தன, நான் பின்னே நடந்தேன்.

அம்மா அப்போதே இல்லை. அண்ணை குடும்பத்தோடு பக்கத்து வளவில் இருந்தார். “இஞ்சை வந்து சாப்பிடு” என்று மச்சாள் ஒரு நாள் கூப்பிட்டாள். போனேன். சோற்றைப் போட்டுவிட்டு, “இனி உனக்கு வேறை ஆர் இருக்கினம்” என்றாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் கை நனைத்ததில்லை.

பால் விற்றேன். குட்டி விற்றேன். புழுக்கையைத் தோட்டக்காரர் கடகம் கொண்டுவந்து வாங்கிப்போனார்கள். நான் கட்டியது வெள்ளைச் சேலைதான். ஆனால் அது என் ஆடு தந்த சேலை. அதைக் கட்டிக்கொண்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கையால் போகும்போது நான் தலையைக் குனிந்ததில்லை. நான் நல்ல உயரம். குனிந்தால் முதுகும் நோகும்.

ஆகவே ஆடு சிறுத்தால் ஐயாவுக்குப் போவது மானம். எனக்குப் போவது சோறு.

வேள்விக்கு ஆன கிடாய்

எங்கள் வைரவருக்கு வருடத்தில் ஒருக்கால் வேள்வி. ஊரில் வசதியுள்ள ஒவ்வொரு வீடும் ஒரு கிடாயை நேர்ந்து வளர்க்கும். நேர்வதற்கு முறை இருக்கிறது. குட்டிகளை நிரையாய் விட்டு, எது பெரிது, எது கறுப்பு, எது கால் கொம்பில் பழுதில்லாதது என்று பார்த்து, ஊரில் முதலானதைத் தெரிந்தெடுப்பார்கள். தெரிந்த நாள் முதல் அது மறியின் பக்கம் போகக்கூடாது. மறியோடு சேர்ந்த கிடாய் எச்சில் பட்டது. வைரவருக்கு ஆகாது.

அதனால் அதற்குத் தனிக் கொட்டில். பலாக்குழை, எள்ளுப் பிண்ணாக்கு, உப்புப் போட்ட கஞ்சி. அடிவயிற்றில் சாக்குத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள், எங்கேயாவது அறுத்துக்கொண்டு ஓடினாலும் காரியம் நடவாதபடி. ஐயா அந்தச் சாக்கை ஒவ்வொரு பொழுதுபடவும் தன் கையாலே முடிந்துவிடுவார்.

வேள்வியன்று எந்த வீட்டுக் கிடாய் பெரிதோ அந்த வீட்டுக்காரனுக்கு மாலை, கோயில் மரியாதையாய் முதற் காளாஞ்சி. ஐயாவுக்கும் மேற்கு வளவுக் கந்தப்பருக்கும் இதிலேதான் ஆயுள் போனது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் மண்ணில் எழுதியவர்கள். காணி வழக்கு இல்லை, கடன் இல்லை, பெண் கேட்டு மறுத்த கதை இல்லை. கிடாய் மட்டும்தான்.

“என்ன காணும், முயல் வளக்கிறீராம்,” என்பார் கந்தப்பர், எங்கள் வாசற் படலையில் நின்று.

“உம்மடை கிடாய் நேற்று என்ரை வேலிப் பொட்டுக்குள்ளாலை வந்து போனது. நான் கீரிப்பிள்ளையாக்கும் எண்டு விட்டிட்டன்,” என்பார் ஐயா.

பகிடிதான். ஆனால் ஆடு சிறுத்தது இரண்டு பேருக்கும் தெரியும் என்பதும் அந்தப் பகிடிக்குள் இருந்தது. ஊரில் காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். நாவூறு. செய்வினை. புல்லில் சத்தில்லை. காங்கேசன்துறை ரோட்டில் ஓடத் தொடங்கிய மோட்டார் வண்டிப் புகையைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு. பூசாரியார் மட்டும், நேர்கிற கிடாயை ஊர் இன்னும் கவனமாய்த் தெரியவேண்டும், மிச்சம் வைக்காமல் நல்லதெல்லாம் வைரவருக்கு வரவேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள்.

ஒழுங்கைச் சொத்தி

அப்படியென்றால் ஊர் மறிகளுக்கெல்லாம் யார் கிடாய்?

ஒழுங்கையில் ஒன்று திரிந்தது. சொத்தி என்று பெயர். பிறவியிலேயே முன்னங்கால் ஒன்று உள்ளே வளைந்தது. ஒரு கொம்பு குட்டை. நிறம் சாம்பலும் இல்லை, மண்ணும் இல்லை. கந்தப்பர் வீட்டு மறி ஈன்ற குட்டிதான், நேரவும் ஆகாது, இறைச்சிக்கும் காணாது என்று கழித்துவிட்டது. கிளுவை வேலியைக் கடித்தும், சந்தை முடிந்த இடத்தில் வாழைத்தோல் பொறுக்கியும் அது தன் பாட்டில் வளர்ந்தது.

மறி கிடாய் தேடிக் கத்தினால் பெண்கள் படலையைத் திறந்து ஒழுங்கைக்கு விடுவார்கள். சொத்தி நொண்டி நொண்டி வரும். அவ்வளவுதான். யாரும் அதை ஒரு காரியமாய் எண்ணியதில்லை. குட்டி என்றால் மறி ஈனுவது, அதற்குத் தகப்பன் யார் என்று பார்க்க ஆருக்கு நேரம்? சொத்திக்கு முன் ஒரு ஒற்றைக்கண்ணன் திரிந்தானாம். அதற்கு முன் இன்னொன்று. எல்லாம் கழித்துவிட்டவை.

சொத்தி சிறிதாயும் கோணலாயும் பிறந்ததுதான் அதன் உயிரைக் காத்தது. வடிவாய்ப் பிறந்த அதன் கூடப்பிறந்தவன் அதே வருடம் வைரவரிடம் போய்விட்டான்.

எனக்கு இது எப்படி வெளித்தது என்று சொல்கிறேன். புருஷன் ஊரிலிருந்து நான் ஓட்டிவந்த மறிகளில் நெட்டைச்சி என்ற ஒன்று சினையாய் இருந்தது. அந்த ஊரில் வேள்வி இல்லை. பெரிய கிடாய்கள் மறிகளோடு ஒன்றாய்த் திரியும். நெட்டைச்சி இங்கே வந்து ஈன்றது ஒரு கறுப்புக் கிடாய்க்குட்டி. பிறந்த ஈரத்தோடு தூக்கும்போதே கை தாழ்ந்தது. கறுப்பன் என்று பெயர் வைத்தேன்.

அடுத்த முறை நெட்டைச்சி கத்தியபோது எல்லாரையும் போல ஒழுங்கைக்கு விட்டேன். ஈன்ற குட்டி என் உள்ளங்கைக்குள் அடங்கியது. முன்னங்கால் கொஞ்சம் உள்ளே வளைந்தது.

அதே வயிறு. அதே குழை. அதே கொட்டில். மாறியது தகப்பன் மட்டும்.

இரண்டு குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நான் கஞ்சிச் சட்டியோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி தென்மராட்சிக்கு மறியைக் கொண்டுபோகலாம் என்று யாரும் சொல்லலாம். “என்ரை பிள்ளையை விழுங்கினவள்” என்று மாமியார் சொல்லிச் சாத்திய படலை அது. நான் அதைத் தட்டமாட்டேன். தட்டவும் இல்லை.

கறுப்பன் இருந்தால் போதும். அவன் என் மறிகளோடு நின்றால், சில வருடத்தில் ஊரே என் கொட்டிலுக்குக் குட்டி கேட்டு வரும். அதுதான் என் எண்ணம். அதைவிடப் பெரிய எண்ணம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை.

அந்த வருடம் கந்தப்பருக்கு மாலை விழுந்தது. ஐயா கோயிலால் வந்து, கால் கழுவாமல் நேரே கொட்டிலுக்குப் போய், கறுப்பனின் முதுகை முழத்தால் அளந்தார். அடுத்த வேள்விக்குக் கறுப்பன்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

புகையிலைத் தோட்டத்தில்

ஐயா புகையிலை போடுகிறவர். நல்ல கமக்காரன், அதை நான் மறுக்கமாட்டேன். கன்று நெஞ்சளவு வந்ததும் நுனி முறித்து, பக்கத்துளிர் கிள்ளி, இலையைத் தடிக்கவிடுவார். ஆனால் பாத்தியில் சில கன்றுகளை மட்டும் தொடமாட்டார். அவை உயர்ந்து பூத்து நிற்கும்.

ஒரு நாள் கஞ்சி கொண்டுபோன இடத்தில் கேட்டேன்.

“உந்தக் கண்டுகளை ஏன் ஐயா முறிக்கேல்லை?”

“விதைக்கு.”

“திறமான கண்டெல்லோ. வெட்டினால் முதல் தரத்துக்குப் போகும்.”

“விசரி. திறமானதை வெட்டிப்போட்டு நோஞ்சலையோ விதைக்கு விடுறது?”

அந்தச் சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

“அப்ப கறுப்பனை ஏன் ஐயா வெட்டப் போறியள்?”

ஐயா கஞ்சியைக் குடித்து முடித்தார். சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“புகையிலை சந்தைக்குப் போறது. கிடாய் வைரவருக்குப் போறது. வைரவரோடை போய் விதைக்கணக்குப் பாக்கேலுமோ?”

“ஒரு வரியம் என்ரை மறியளோடை விடுங்கோ. அதுக்குப் பிறகு குடுப்பம்.”

“எச்சில் பட்டதையோ?”

“வைரவர் கோவிக்கமாட்டார், ஐயா.”

“வைரவர் விடுவார். கந்தப்பன் விடுவானோ?”

“கறுப்பன் என்ரை மறி போட்டது. என்ரை கிடாய்.”

ஐயா எழுந்து மண்வெட்டியை எடுத்தார். “நீ ஆரின்ரை வளவிலை நிக்கிறாய் எண்டு யோசிச்சுக் கதை,” என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை அவர். இலையைக் கிள்ளுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்.

அன்றைக்குப் பூத்து நின்ற அந்தப் புகையிலைக் கன்றுகளை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிர்ச் சிவப்புப் பூ. என் உயரத்துக்கு நின்றன.

இதற்கு முன்னோ பின்னோ, ஒரு சம்பந்தமும் வந்தது. தொண்டைமானாற்றுப் பக்கத்து ஆள். பெண்சாதி செத்து, பிள்ளை இல்லாதவர். சந்நிதி கோயிலில் என்னைக் கண்டாராம். வெள்ளைச் சேலையைப் பார்த்த பிறகும் ஆள் அனுப்பினார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிவு. வந்தவரை ஐயா இருக்கச் சொல்லவும் இல்லை. “எங்கடை குடியிலை இரண்டாந்தரம் இல்லை” என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

தண்ணீர் தெளித்த நேரம்

நெட்டைச்சி கத்திய ஒரு நாள் நான் அவளைக் கறுப்பனின் கொட்டிலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஐயா கண்டுவிட்டார். அன்றே நெட்டைச்சியைக் கொண்டுபோய் அண்ணையின் வளவில் கட்டினார். அதோடு அந்த வழி அடைபட்டது.

பிறகு வேறொன்று யோசித்தேன். ஊர் முறையையே பிடித்துக்கொண்டு யோசித்தேன். கழித்துவிட்ட கிடாய்தான் ஒழுங்கைக்கு வருகிறது. ஒழுங்கைக்கு வந்ததுதான் ஊருக்குத் தகப்பனாகிறது. அப்படியென்றால் கறுப்பனையும் கழிக்கவைத்தால் என்ன? காலை முறிக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு சொல் போதுமே.

வேள்வியன்று விடியக் கறுப்பனைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அந்த வாரைக் கட்டினார் ஐயா. பல வருடத்துக்குப் பிறகு புது ஓட்டை தேவைப்படவில்லை. பழைய ஓட்டைகளில் ஒன்றில், அதுவும் வெளியே இருந்த ஒன்றில், கொளுக்கி விழுந்தது. ஐயாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கல்லும் இரங்கும். நான் இரங்கவில்லை.

கோயிலில் பெண்கள் நிற்கிற பக்கத்திலும் தள்ளி, புளியமரத்தடியில்தான் என்னைப் போன்றவர்கள் நிற்பது. சாம்பிராணிப் புகை. மிதிபட்ட வேப்பங்குழையின் கசப்பு மணம். நிரையில் கறுப்பன் நின்றான். பக்கத்தில் கந்தப்பரின் கிடாய், அவனுக்குக் குட்டி மாதிரி. தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் கிடாயின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பிய பிறகு யாராலும் தடுக்கமுடியாது. பூசாரியார் செம்பைச் சரித்தார். கறுப்பன் காதை மட்டும் ஆட்டினான்.

நான் புளியமரத்தடியை விட்டு முன்னே போனேன்.

“அது எச்சில் பட்ட கிடாய்,” என்றேன்.

பூசாரியார் செம்பை நிமிர்த்தினார். “ஆர் சொன்னது?”

“நான் சொல்லுறன். என்ரை மறியோடை விட்டது நான்தான்.”

“எப்ப?”

“அது கத்தின நேரம்.”

நான் சொன்னது பொய். வைரவர் வாசலில் நின்று, கண்ணை இமைக்காமல் சொன்ன பொய். அதற்காக அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. செய்தது வேறு ஆள்.

கந்தப்பர்தான் முதலில் சிரித்தார். “தகப்பன் சாக்குக் கட்டுறானாம், மோள் அவிட்டு விடுறாளாம். கிடாயைக் காக்க முதல் வீட்டைக் காத்திருக்கலாம், காணும்.”

ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. என்னை ஒருக்கால் பார்த்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கறுப்பனை நிரையிலிருந்து வெளியே இழுத்தார். “கழிச்சாச்சு,” என்றார் பூசாரியார். அப்போதுதான் கறுப்பன் உடம்பு முழுக்கச் சிலுப்பினான். ஐயாவின் வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

மாலை மறுபடி கந்தப்பருக்கு விழுந்தது.

கிட்டி

அன்று முழுக்க ஐயா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும் என்றிருந்தேன். நாளைக்கோ மறுநாளோ கறுப்பனை அவிழ்த்து ஒழுங்கைக்குத் துரத்துவார், நான் நெட்டைச்சியைக் கூட்டிக்கொண்டு போவேன். அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஐயாவோடு இன்னொருவர் வந்தார். எங்கள் பக்கத்தில் நாம்பன் மாடுகளுக்கு நலம் அடிக்கிறவர், அதாவது காயடிக்கிறவர். கையில் பூவரசங் கிட்டி. பிளந்த தடி இரண்டை ஒரு பக்கம் கட்டியது.

எனக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. ஓடிப்போய்க் கொட்டில் வாசலில் நின்றேன்.

“ஐயா, நான் சொன்னது பொய். அது ஒரு மறியோடும் சேரேல்லை.”

“தெரியும்,” என்றார் ஐயா.

நான் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“சாக்கு நான் கட்டினது. முடிச்சு என்ரை முடிச்சு. அவிட்டால் எனக்குத் தெரியாதோ? அங்கையே தெரியும் பிள்ளை.”

“தெரிஞ்சால் ஏன் அங்கை சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லச் சொல்லுறாய்? என்ரை மோள் வைரவருக்கு முன்னாலை பொய் சொல்லுறாள் எண்டோ? அதுக்கு எச்சில் கிடாயோடை வீட்டை வாறது மேல்.” அவர் வந்தவரைப் பார்த்து, “பிடியுங்கோ,” என்றார். பிறகு என்னிடம், “கோயிலுக்கு ஆகாதது மறிக்கும் ஆகாது. தள்ளி நில்.”

அண்ணை வேலிக்கு அங்கால் நின்று பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வேலிக் கதியால் தடியை நிமிர்த்துகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

நான் தள்ளி நிற்கவில்லை. இழுத்துத்தான் விட்டார்கள். கறுப்பன் போட்ட சத்தம் ஆட்டுச் சத்தம் மாதிரி இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. வந்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இனி நல்லாய்ச் சதை வைக்கும்,” என்றார். அதை ஒரு ஆறுதல் போலத்தான் சொன்னார்.

மருமகள் படித்த பாடம்

எத்தனையோ வருடம் கழித்து, அண்ணையின் மகள் பெரிய படிப்புப் படித்தாள். சோதனைக்குப் பாடத்தைச் சத்தமாய்ப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. நான் பக்கத்தில் இருந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தேன்.

இயற்கைத் தேர்வு என்று ஒன்று. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்றது பிழைத்துக் குட்டி போடும், ஏலாதது அழிந்துபோகும், அப்படியே சாதி மாறிக்கொண்டு வரும். செயற்கைத் தேர்வு என்று இன்னொன்று. மனிதன் தனக்குப் பிடித்ததைத் தெரிந்து, அதிலேயே குட்டி எடுத்து எடுத்துப் பெருக்குவது. பால் மாடும் பந்தயக் குதிரையும் அப்படி வந்தவையாம்.

“நல்லதைத் தெரிஞ்சு பெருக்கினால் அந்தப் பேர்,” என்றேன். “நல்லதைத் தெரிஞ்சு வெட்டினால் என்ன பேர், பிள்ளை?”

அவள் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “அதுவும் தேர்வுதான், மாமி. கத்திக்கு எது தப்புதோ அதுதான் மிஞ்சும். நீங்கள் அறியாமலே சின்னதைத் தெரிஞ்சு வளர்த்திருக்கிறியள்.”

“நான் இல்லை,” என்றேன். “அவை, ஊர் ஆம்பிளையள்.”

அவளுக்கு நல்ல மூளை. கேட்டதற்கு நேராய்ப் பதில் சொல்லுவாள். ஆனால் கறுப்பனைப் பற்றி நான் அவளுக்கு அன்று சொல்லவில்லை. அவளுடைய தகப்பன் வேலிக் கதியாலை நிமிர்த்திய கதையையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்.

வார்

நலம் அடித்ததோடு கறுப்பன் செத்துப்போகவில்லை. வளர்ந்தான். மறியின் நினைப்பில்லாத கிடாய்க்குத் தீனியைத் தவிர வேறு வேலை ஏது. ஐயா ஒரு நாளும் காட்டாத அன்பை அவனுக்குக் காட்டினார். பலாக்குழையைத் தானே வெட்டிவந்து போட்டார். பொழுதுபட அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கந்தப்பரின் படலையைத் தாண்டி நடப்பார். அங்கே போக ஒரு அலுவலும் இராது. போய்த் திரும்பி வருவார்.

“உது கிடாயே இல்லைக் காணும்,” என்பார் கந்தப்பர்.

“உம்மடை கிடாயைக் கொண்டுவந்து பக்கத்திலை விடும். எது கிடாய் எண்டு சனம் சொல்லட்டும்,” என்பார் ஐயா.

வெளியூரிலிருந்தும் பார்க்க வந்தார்கள். குருநகரிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஒருவர், மாட்டுக் கன்றென்று நினைத்தேன் என்றார். வந்தவர்கள் கறுப்பனைப் பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார்கள். “உங்கடை குடியிலை எல்லாம் நல்ல வளர்த்தி,” என்பார்கள். ஐயா தலையை ஆட்டுவார்.

வேள்விகள் வந்து போயின. நேர்ந்துவிட்ட கிடாய்களை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகிற காலம் வந்துவிட்டது. என் பால் செம்பு பாதிக்கு மேல் நிறைந்ததில்லை. நெட்டைச்சி கிழடாகி விழுந்தாள். அவளுடைய குட்டியின் குட்டிதான் அப்போது என் கொட்டிலில் நின்றது. முன்னங்கால் வளைந்தது.

ஒரு நாள் பொழுதுபட ஐயா அந்தப் பழைய வாரைத் தேடி எடுத்தார். வேள்வியும் இல்லை, ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். கறுப்பனின் கழுத்தில் சுற்றி இழுத்தார். நடு ஓட்டைக்கு எட்டவில்லை. அடுத்ததற்கும் எட்டவில்லை. நுனியோரத்தில், அப்பு தன் கையால் குத்திய ஓட்டையில் கொளுக்கி விழுந்தது. கணக்காய் விழுந்தது.

“பிள்ளை,” என்று கூப்பிட்டார். “இஞ்சை வந்து பார். அப்புவின்ரை கிடாயின்ரை அளவு.”

நான் வந்து பார்த்தேன்.

“வார் இழுபடேல்லைத்தானே, ஐயா,” என்றேன்.

அவர் கறுப்பனின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டிலுக்குள் என் மறி கிடாய் தேடிக் கத்தத் தொடங்கியது. கறுப்பன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். வாயிலிருந்த பலாக்குழையை மெல்லுவதை அவன் நிறுத்தவில்லை.

நான் போய் மறியை அவிழ்த்தேன். ஐயாவையும் கறுப்பனையும் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய், படலையைத் திறந்து ஒழுங்கைக்கு விட்டேன். வேலியோரமாய்ச் சொத்தியின் மகன் நொண்டிக்கொண்டு வந்தான்.